மூடிய பெட்டிக்குள் ஓர் அமானிதம்



வளைகுடாவில் உழைக்கும் ஒருவரேனும் இல்லாத வீடு நம் சமுதாயத்தில் குறைவு. மாதந்தோறும் பணம் வந்து சேர்கிறது. பிள்ளைகள் படிக்கிறார்கள், வீடு எழும்புகிறது, மகளின் நிக்காஹ் நடக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகளிடம், "உங்கள் வாப்பா அங்கே என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்டால், "கம்பெனியில்" என்னும் ஒற்றைச் சொல்லோடு பதில் முடிந்துவிடுகிறது. நாமும் விடுப்பில் வரும்போது அதற்குமேல் விளக்குவதில்லை. விளக்கினால் யாருக்குப் புரியும் என்னும் எண்ணம்தான் காரணம்.

அப்படி விளக்கப்படாத வேலைகளுள் ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். ஒரு வால்வை இயக்கும் கியர்பாக்ஸுக்கு ஏற்ற கிரீஸைத் தேடிக் கண்டறியும் வேலை அது. மார்க்கம் பேசும் இடத்தில் கிரீஸுக்கு என்ன இடம் என்று சிலருக்குத் தோன்றலாம். ஹலாலான சம்பாத்தியம் என்பதன் பொருளை எனக்கு அந்த வேலை கற்பித்ததுபோல் வேறெதுவும் கற்பிக்கவில்லை. எனவே பொறுமையோடு படிக்குமாறு வேண்டுகிறேன்.

கடல்நீரும் ஒரு வால்வும்

சவூதி அரேபியாவின் கிழக்குக் கரையில் உள்ள ஜுபைலைப் பலரும் அறிவீர்கள். 1975-இல் ராயல் கமிஷன் நிறுவப்பட்டபின் தொழில் நகரமாக வளர்ந்த ஊர். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் அங்கே உள்ளன. அத்தகைய ஓர் ஆலையின் பராமரிப்புப் பிரிவில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது.

ஓர் ஆள் குனியாமல் நடந்து செல்லக்கூடிய அளவு பெரிய குழாய்களில் கடல்நீர் வருகிறது. அந்நீரைத் தடுக்கவும் விடுக்கவும் குழாயின் நடுவே வட்டத் தகடு ஒன்று நிற்கும். அது கால்வட்டம் திரும்பினால் வழி திறக்கும்; மீண்டும் திரும்பினால் மூடும். இதுவே பட்டாம்பூச்சி வால்வு. அவ்வளவு பெரிய தகட்டை நீரின் அழுத்தத்துக்கு எதிராக மனிதக் கை நேரடியாகத் திருப்ப முடியாது. ஆகவே வால்வின்மேல் மின் மோட்டார் கொண்ட ஆக்சுவேட்டரும், அதற்கும் வால்வுக்கும் இடையே ஒரு கியர்பாக்ஸும் பொருத்தப்பட்டிருக்கும். ஆக்சுவேட்டர் பலமுறை சுழன்றால் தகடு கால்வட்டம் திரும்பும். வேகம் குறையக் குறைய விசை பெருகும்.

அந்தக் கியர்பாக்ஸினுள் எஃகாலான திருகு ஒன்று இருக்கிறது. அதை வார்ம் என்பார்கள். அது வெண்கலப் பற்சக்கரம் ஒன்றைத் திருப்புகிறது. சாதாரணப் பற்சக்கரங்களின் பற்கள் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு செல்லும். வார்மிலோ எஃகு வெண்கலத்தின்மேல் வழுக்கிக்கொண்டே செல்கிறது. இடையில் மயிரிழையினும் மெல்லிய எண்ணெய்ப் படலம் இல்லையென்றால், கடினமான எஃகு மென்மையான வெண்கலத்தைச் சீவிவிடும். வால்வு கால்வட்டம் மட்டுமே திரும்புவதால், சக்கரத்தின் அதே சில பற்கள்தாம் ஆண்டுக்கணக்கில் எல்லாச் சுமையையும் தாங்குகின்றன. மாதக்கணக்கில் அசையாமல் ஒரே நிலையில் நின்று, ஒரு நாள் திடீரென முழு விசையோடு இயங்கவும் வேண்டியிருக்கிறது.

அப்படி இயங்காமற்போனால் என்ன ஆகும்? கடல்நீர்ப் பம்பு ஏதோ காரணத்தால் நின்றுவிட்டால், அதன் வெளிவாய் வால்வு உடனே மூடவேண்டும். மூடாவிட்டால் குழாயில் உள்ள நீர் திரும்பப் பாய்ந்து பம்பைப் பின்னோக்கிச் சுழற்றும். பல மாதங்கள் பழுதுபார்க்க வேண்டிய சேதம் சில நிமிடங்களில் நேர்ந்துவிடும். அதனினும் பெரியது மனித உயிர். குழாயைச் சுத்தம் செய்ய ஆட்கள் உள்ளே இறங்கும்போது, வேறு பல பாதுகாப்பு ஏற்பாடுகளோடு, அந்த வால்வு உண்மையாகவே மூடியிருக்கிறது என்னும் நம்பிக்கையையும் துணைகொண்டே இறங்குகிறார்கள். பெரும்பாலோர் இந்தியர், வங்காளதேசத்தவர், நேபாளியர். ஒவ்வொருவருக்கும் ஊரில் ஒரு குடும்பம் காத்திருக்கிறது.

"கிரீஸ்தானே, பாய்?"

ஓர் ஆண்டுப் பராமரிப்பின்போது ஆலையின் ஒரு பகுதியை நிறுத்தினார்கள். 42 கியர்பாக்ஸுகளுக்குப் புதிய கிரீஸ் இடும் பணி எங்கள் பிரிவிடம் வந்தது. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வேலை செய்வார்கள். சரிபார்த்துக் கையெழுத்திடுவது என் பொறுப்பு.

ஸ்டோரில் சிவப்பு நிறக் கிரீஸ் பீப்பாய்கள் இருந்தன. 'பல பயன்பாட்டுக் கிரீஸ், தரம் 2' என்று அவற்றின்மேல் எழுதியிருந்தது. கியர்பாக்ஸுகளில் ஏற்கெனவே இருந்த கிரீஸோ பழுப்பேறிக் கிடந்தது. முன்பு பராமரித்தவர்கள் எந்தக் கிரீஸை இட்டார்கள் என்பதற்குப் பதிவேடு இல்லை.

ஒப்பந்தக்காரரின் ஃபோர்மேன் நம் பக்கத்துக்காரர், இராமநாதபுரம் மாவட்டம். நல்ல உழைப்பாளி. அவர் சொன்னார்:

"பாய், கிரீஸ்தானே? இதுல என்ன பெரிய வித்தியாசம்? பழசும் சிவப்பாத்தான் இருந்திருக்கும்போல. பம்பால அடிச்சு மூடியைப் போட்டுட்டா, உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

அவரைக் குறைகூற இதை எழுதவில்லை. வேலை முடிய அவருக்கு 9 நாட்கள்தாம் இருந்தன. தாமதமானால் அவருடைய கம்பெனிக்கு அபராதம். அந்தச் சுமை ஏதோ ஒரு வடிவத்தில் அவர் தலையில்தான் வந்து விழும். அவர் கேட்ட கேள்வியும் நேர்மையான கேள்வியே. கிரீஸ்களுக்கிடையே உண்மையில் என்ன வேறுபாடு? அதைக் கூறாமல் "வேண்டாம்" என்று மட்டும் தடுத்தால் அது அதிகாரம் ஆகுமேயன்றிப் பதில் ஆகாது.

பஞ்சும் நீரும்போல

கிரீஸ் என்பது கெட்டியான எண்ணெய் அன்று. நீரை உறிஞ்சிய பஞ்சை எண்ணிப் பாருங்கள். நீர் இருக்கும் இடத்தில் எண்ணெய். பஞ்சு இருக்கும் இடத்தில் கெட்டியாக்கும் பொருள். அப்பொருள் பெரும்பாலும் ஒருவகைச் சவர்க்காரம்: லித்தியம், கால்சியம், அலுமினியம் முதலியவற்றின் சோப்பு. சிலவற்றில் நுண்ணிய களிமண்ணும், சிலவற்றில் பாலியூரியா என்னும் பொருளும் அந்த வேலையைச் செய்கின்றன. பற்களுக்கிடையே வழுவழுப்பைத் தருவது எண்ணெயே. அதைப் பிடித்து வைத்திருந்து தேவையான இடத்தில் சிறிது சிறிதாகக் கசியவிடுவது பஞ்சின் வேலை.

மாட்டுவண்டி ஓடிய காலத்தில் நம் ஊர்களில் அச்சுக்கு 'வண்டி மை' இடுவார்கள். வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்துச் செய்வது. கரி தாங்கிப் பிடிக்கும், எண்ணெய் வழுக்கும். தத்துவம் இன்றைக்கும் அதுவே. இன்று உலகில் மிகுதியாகப் பயன்படும் லித்தியம் கிரீஸின் சோப்பு பெரும்பாலும் ஆமணக்கு எண்ணெயிலிருந்து பெறப்படும் அமிலத்தைக் கொண்டே தயாராகிறது. ஆமணக்கு உற்பத்தியில் உலகின் முதலிடம் இந்தியாவுக்கு. அதிலும் பெரும்பகுதி குஜராத்தில் விளைகிறது. ஜுபைலின் வெயிலில் நிற்கும் கியர்பாக்ஸினுள் நம் நாட்டு ஆமணக்கு இருக்கக்கூடும் என்று நான் சொன்னபோது அந்த ஃபோர்மேனுக்கே வியப்பாயிருந்தது.

நிறத்தைப் பற்றியும் அவருக்குச் சொன்னேன். சிவப்பு, நீலம், பச்சை என்பன தயாரிப்பாளர் சேர்க்கும் சாயமே. இன்ன நிறம் இன்ன வகை என்று எந்த விதியும் இல்லை. ஒரே சிவப்பில் லித்தியமும் வரும், களிமண்ணும் வரும். சாயத்தைப் பார்த்துக் கிரீஸைத் தேர்ந்தெடுப்பது, அட்டையின் நிறத்தைப் பார்த்து மருந்து வாங்குவது போன்றதாகும்.

நான்கு கேள்விகள்

ஏற்ற கிரீஸைக் கண்டறிய நான்கு கேள்விகளுக்கு விடை தேடவேண்டியிருந்தது.

முதலாவது, எவ்வளவு கெட்டி? அமெரிக்காவில் 1933-இல் தொடங்கப்பட்ட தேசிய மசகுக் கிரீஸ் நிறுவனம் வகுத்த தரவரிசை 000 முதல் 6 வரை செல்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு கூம்பு கிரீஸினுள் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதை மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்காக அளப்பார்கள். தரம் 2 என்றால் 265 முதல் 295 வரை, வெண்ணெய்போல நிற்கும். தரம் 0 என்றால் 355 முதல் 385 வரை. கெட்டித் தயிர்போல் தளர்ந்து இறங்கும். தாங்குருளைகளுக்குத் தரம் 2 மிகப் பொருத்தம். பற்சக்கரப் பெட்டிக்குள் அது ஒரு தொல்லை தரும். பற்கள் ஒருமுறை திரும்பும்போது கிரீஸை விலக்கிக் கால்வாய்போல ஒரு தடத்தை வெட்டும். விலகிய கிரீஸ் திரும்பி வந்து தடத்தை மூடாது. பெட்டி நிறையக் கிரீஸ் இருக்கும், பற்களிலோ இராது. பெட்டியைத் திறந்து பார்ப்பவர்கூட "நிறைய இருக்கிறதே" என்று ஏமாந்துபோவார்.

இரண்டாவது, உள்ளிருக்கும் எண்ணெய் எத்தகையது? கிரீஸின் கெட்டித்தன்மை வேறு, எண்ணெயின் பாகுநிலை வேறு. கெட்டியான கிரீஸினுள் மிக நீர்த்த எண்ணெய் இருக்கலாம். ஜுபைலில் கோடை வெப்பம் நிழலிலேயே 45 டிகிரியைத் தாண்டும். வெயிலில் நிற்கும் இரும்பில் கை வைக்க இயலாது. அந்தச் சூட்டிலும் நீர்த்துப்போகாமல் படலத்தைக் காக்கும் எண்ணெய் வேண்டும். குளிர்கால இரவில் அதுவே இறுகிப்போய் மோட்டாரை மூச்சுத் திணறவைக்கவும் கூடாது.

மூன்றாவது, சேர்மானங்கள் யாருக்குத் தீங்கு செய்யும்? மிகுந்த அழுத்தத்தைத் தாங்கக் கந்தகச் சேர்மங்களைச் சேர்ப்பதுண்டு. எஃகுக்கு அவை நன்மை செய்கின்றன. அவற்றுள் வீரியம் மிக்க சில வகைகள் சூட்டில் வெண்கலத்தை அரிக்கின்றன. இதை அறியவே செம்புத் தகட்டைக் கிரீஸில் வைத்துச் சூடாக்கி நிறமாற்றத்தைப் பார்க்கும் சோதனை இருக்கிறது. ரப்பர் அடைப்பு வளையங்களும் அவ்வாறே. கனிம எண்ணெயில் ஈபிடிஎம் என்னும் ரப்பர் ஊதிப்போகும். நைட்ரைல் ரப்பர் தாங்கும். வளையம் கெட்டால் கடற்காற்றின் உப்பும் ஈரமும் உள்ளே புகும்.

நான்காவது கேள்விதான் எங்களை உண்மையில் தடுத்து நிறுத்தியது. புதியது பழையதோடு சேருமா? லித்தியம் கிரீஸும் களிமண் கிரீஸும் தனித்தனியே நல்லவை. இரண்டையும் கலந்தால், ஒன்றின் பஞ்சை மற்றொன்று குலைத்துவிடக்கூடும். கலவை மோர்போல நீர்த்து வழிந்துவிடலாம்; சிலபோது இறுகிக் கட்டியாகவும் ஆகலாம். எங்கள் பெட்டிகளில் இருந்தது என்னவென்று யாருக்கும் தெரியாத நிலையில், புதியதை அடித்து நிரப்புவது கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து கொடுப்பதற்குச் சமம்.

இங்கே இன்னொன்றையும் சொல்லவேண்டும். மிகுதியாக அடைப்பதும் கேடே. ஆக்சுவேட்டர்களில் விசை அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் அமைப்பு இருக்கிறது. சில வகைகளில் அது ஒரு சுருள்வில் தொகுப்பின் அசைவைக் கொண்டு இயங்கும். அந்த இடம் முழுதும் கிரீஸ் புகுந்து இறுகினால் வில் அமுங்காது. மோட்டார் நிற்கவேண்டிய இடத்தில் நில்லாமல் முறுக்கிக்கொண்டே போய் வால்வின் தண்டையே சேதப்படுத்திவிடும். "கொஞ்சம் கூடுதலாகவே போட்டுவிடு" என்னும் நல்லெண்ணம் அங்கே தீமையாய் முடிகிறது.

அறிந்தவர்களிடம் கேட்டல்

அறியாதவற்றை அறிவுடையோரிடம் கேட்குமாறு அல்லாஹ் தன் திருமறையில் நமக்கு வழிகாட்டியிருக்கிறான். மார்க்க விஷயங்களில் ஆலிம்களிடம் கேட்கிறோம். உலக வேலையில் மட்டும் கேட்பதைக் கௌரவக் குறைவாக எண்ணிவிடுகிறோம்.

கியர்பாக்ஸின் பெயர்த்தகட்டில் இருந்த வரிசை எண்களைக் குறித்துத் தயாரிப்பாளருக்கு எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: தரம் 0, லித்தியம் காம்ப்ளெக்ஸ், வெண்கலத்துக்கு ஊறு செய்யாத சேர்மானங்கள், இன்ன வெப்ப எல்லை என்று. கூடவே ஒரு வரி: வேறு வகைக் கிரீஸ் இருந்தால் முழுவதும் அகற்றிய பின்னரே நிரப்புக.

பழைய கிரீஸின் மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி அதன் பஞ்சு எதனால் ஆனது என்று பார்த்தார்கள். களிமண். பிறகு பழையதையும் புதியதையும் சரிபாதியாகக் கலந்து, சூடாக்கி, கூம்பை இறக்கிப் பார்த்தார்கள். கலவை மிகவும் நெகிழ்ந்துபோயிருந்தது. ஃபோர்மேனை அழைத்து அந்தக் கிண்ணத்தைக் காட்டினேன். ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தார். நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "இது பல்லுல நிக்காது, பாய்" என்றார்.

ஆனால் காலம்? ஒரு கியர்பாக்ஸைக் கழற்றித் திறந்து, பழையதை வழித்தெடுத்து, கழுவித் துடைத்து, அடைப்பு வளையங்களை மாற்றி, அளவாக நிரப்பி மூட, இருவருக்கு ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். 42 பெட்டிகளையும் செய்ய இயலாது.

நிலைமையை ஒரே பக்கத்தில் எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அவர் கேட்டார், "திறக்காமலே நிரப்பினால் நீ கையெழுத்திடுவாயா?"

"இட மாட்டேன்" என்றேன்.

வளைகுடாவில் கையெழுத்திட மறுப்பது எத்தகையது என்று அங்கே உழைத்தவர்களுக்குத் தெரியும். இகாமா ஸ்பான்சரின் கையில். ஒப்பந்தப் புதுப்பிப்பு மேலாளரின் கையில். ஊரில் மூத்த மகளின் கல்லூரிக் கட்டணம் அந்தச் சம்பளத்தின் கையில். அன்றிரவு உறக்கம் வரவில்லை. ரிஜ்க்கை அளிப்பவன் அல்லாஹ் என்று மிம்பரின்கீழ் அமர்ந்து கேட்பது எளிது. அதன்மேல் சாய்ந்து நிற்கவேண்டிய இரவு ஒன்று வரும்போதுதான் நம் ஈமானின் எடை நமக்கே தெரிகிறது.

மறுநாள் காலை மேலாளர் இரண்டு நாட்களைக் கூடுதலாகத் தந்தார். பம்புகளின் வெளிவாயில் உள்ளவை, ஆட்கள் இறங்கும் குழாய்களை அடைப்பவை என 17 கியர்பாக்ஸுகளை மட்டும் முழுமையாகத் திறப்பது என்று முடிவாயிற்று. மற்ற 25-இல் புதிய கிரீஸ் ஒரு துளியும் சேர்ப்பதில்லை. உள்ளதை ஆராய்ந்து, இயக்கிப் பார்த்து, அடுத்த நிறுத்தத்தில் செய்யவேண்டும் என்று காரணத்தோடு பதிவு செய்வது. ஒவ்வாததைக் கலப்பதைவிட, கெடாமல் இருக்கும் பழையதை அப்படியே விடுவது மேல்.

திறந்தபோது சில பெட்டிகளில் கிரீஸ் பொன்னிறமாய் மின்னியது. அழகாக இருக்கிறதே என்று ஓர் இளைஞர் வியந்தார். அது சக்கரத்திலிருந்து தேய்ந்து உதிர்ந்த வெண்கலத் துகள். ஒரு பெட்டியில் அந்தக் கால்வட்டப் பற்கள் கத்திமுனைபோல் மெலிந்திருந்தன. வெளியே பார்க்க அந்தக் கியர்பாக்ஸ் மற்றவற்றைப் போலவே வர்ணம் பூசிப் பளபளப்பாய் நின்றது.

குவியலுக்குள் கை

அந்தப் பற்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மதீனத்துச் சந்தைதான் என் நினைவுக்கு வந்தது. தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள் அதனுள் தம் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. விற்றவர் மழை பெய்ததைக் காரணமாகச் சொன்னார். நனைந்ததை மக்கள் காணுமாறு மேலே வைத்திருக்கலாகாதா என்று நபியவர்கள் வினவி, ஏமாற்றுவோர் தம்மைச் சார்ந்தவராக மாட்டார் என எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான இந்நிகழ்வை நாம் வியாபாரிகளுக்குரியதாக மட்டுமே படித்துவந்திருக்கிறோம். சம்பளத்துக்கு உழைப்பவனுக்கும் ஒரு குவியல் உண்டு. அவன் மூடி போடும் பெட்டி அது. அவன் கையெழுத்திடும் தாள், மேலே தெரியும் உலர்ந்த தானியம்.

அளவிலும் நிறுவையிலும் குறைசெய்வோரைக் கண்டிக்கும் 83-ஆம் ஸூரா அல்முதஃப்ஃபிஃபீனையும் அவ்வாறே எண்ணிப் பார்க்கிறேன். 8 மணி நேர ஊதியத்தை முழுதாகப் பெற்றுக்கொண்டு வேலையைக் குறைத்துக் கொடுப்பதும் நிறுவைக் குறைவு அன்றி வேறென்ன? தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்த அல்லாஹ், கவச வளையங்களின் அளவைச் சரிவரப் பார்க்குமாறும் கட்டளையிட்டான் என்பதை ஸூரா ஸபஃவில் காண்கிறோம். ஒரு நபியின் கைவேலையிலும் அளவு பார்க்கச் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த வளையம் ஒன்று தளர்ந்தால் அதை அணிந்தவரின் உயிர் போகும். எங்கள் பெட்டிக்கும் அதுவே பொருந்துகிறது.

இஹ்ஸான் என்பதை வணக்கத்தின் அழகாகக் கற்றிருக்கிறோம். அல்லாஹ்வைக் காண்பதுபோல், இல்லையேல் அவன் நம்மைக் காண்கிறான் என்னும் உணர்வோடு இருத்தல். "உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்னும் கேள்விக்கு ஒரு முஸ்லிமிடம் இருக்கவேண்டிய பதிலும் அதுவே.

தொழுகைக்கு முன் கைகள்

இத்தொழிலில் இருக்கும் சகோதரர்களுக்காகச் சில நடைமுறைச் செய்திகள்.

லுஹர் நேரத்தில் கையில் கிரீஸோடு உளூச் செய்ய நிற்போம். தோலில் நீர் படாமல் தடுக்கும் படலத்தை அகற்றவேண்டும் என்பது ஃபிக்ஹ் நூல்கள் சொல்லும் பொதுவிதி. கனமான கிரீஸ் அத்தகைய படலமே. தொழிலாளர்க்குரிய சலுகைகள் பற்றிய நுட்பங்களை அவரவர் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கழுவுவதற்கு டீசலையோ பெட்ரோலையோ பயன்படுத்தாதீர்கள். தோல் வெடித்துப் புண்ணாகும். அதற்கென்று உள்ள கைக்கழுவும் பசையைக் கேட்டு வாங்குங்கள். முதலில் கையுறை அணியுங்கள்.

கிரீஸ் துப்பாக்கியின் முனையில் அழுத்தம் மிக அதிகம். அது தோலைத் துளைத்து உள்ளே புகுந்தால், வெளியே ஊசி குத்தியதுபோலத்தான் தெரியும், வலியும் முதலில் குறைவாயிருக்கும். அதை அலட்சியம் செய்யாமல் அந்நேரமே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தாமதத்தால் விரலையோ கையையோ இழக்க நேரிடும்.

கிரீஸில் விலங்குக் கொழுப்பு உண்டா என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. சில வகைகளில் மாட்டுக் கொழுப்பு போன்றவற்றிலிருந்து பெற்ற அமிலங்கள் பயன்படுவதுண்டு. எங்கள் கியர்பாக்ஸ் குடிநீரோடு தொடர்பின்றித் தனியே அடைக்கப்பட்டது. எனினும் உணவு, குடிநீர் ஆலைகளில் தற்செயலாகக் கலந்தாலும் தீங்கில்லை என்று பதிவு செய்யப்பட்ட 'எச்1' வகைக் கிரீஸ்கள் கிடைக்கின்றன; அவற்றுள் ஹலால் சான்று பெற்றவையும் உண்டு. கொள்முதல் செய்யும் இடத்தில் இருப்பவர்கள் கேட்டால் கிடைக்கும்.

யாரும் கவனிக்காத ஓர் இரவு

சில மாதங்கள் கழித்து ஓர் இரவு மின்தடையால் பம்பு ஒன்று நின்றது. அதன் வெளிவாய் வால்வு, அவசர மின்சாரத்தில், உரிய நேரத்துக்குள் தானே மூடிக்கொண்டது. இரவுப்பணிப் பதிவேட்டில் ஒரே ஒரு வரி இருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை; பேச வேண்டிய நிலை வரவும் இல்லை. நான் அந்த வரியைப் படித்து அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு அன்றைய வேலையைத் தொடங்கினேன்.

வெளிநாட்டில் உழைக்கும் நம்மவர்கள் பெரும்பாலோரின் வேலை இத்தகையதே. நன்றாகச் செய்தால் ஒன்றும் நிகழாது. எனவே அதைப் பாராட்டுவோரும் இல்லை. விடுப்பில் வரும் உங்கள் வாப்பாவிடமோ அத்தாவிடமோ, காக்காவிடமோ மச்சானிடமோ, கொண்டுவந்த பெட்டியைத் திறக்கும்போதே ஒருமுறை கேளுங்கள்: "அங்கே உங்கள் கைவேலை என்ன? அதில் கடினமானது எது?" அவர் முதலில் தயங்குவார். பிறகு சொல்லத் தொடங்குவார். நம் வீட்டுச் சோற்றின் ஒவ்வொரு பருக்கையும் எப்படி ஹலாலாக்கப்பட்டது என்பதை அப்போது பிள்ளைகள் அறிந்துகொள்வார்கள், இன்ஷா அல்லாஹ்.

யா அல்லாஹ், எங்கள் கைகளில் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பிறர் காணாத இடத்திலும் காத்து நிற்கும் உள்ளத்தைத் தருவாயாக. எங்கள் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வாயாக. தூர தேசங்களில் உழைப்போரைப் பத்திரமாக அவர்தம் குடும்பங்களிடம் சேர்ப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.